அடையாற்று முகத்துவாரமும் காற்றும்

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் அடையாறு கடலில் கலக்கும் இடத்தைக் கோடையில் போய்ப் பாருங்கள். குறுக்கே மணல்திட்டு படுத்திருக்கும். ஆறு ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கியிருக்கும், சில சமயம் முழுக்கவே அடைபட்டுவிடும். ஆற்றில் தண்ணீர் வரத்து இல்லை, அதனால் தூர்ந்துவிட்டது என்பார்கள். அது பாதி உண்மைதான். அந்த மணலை அங்கே கொண்டுவந்தது காற்று.

காற்று மணலை ஊதித் தள்ளுவதை மட்டும் சொல்லவில்லை. காற்றுதான் அலையை எழுப்புகிறது. அலை கரைக்குச் சாய்வாக வருகிறது, மணலையும் சாய்வாக மேலே ஏற்றுகிறது. திரும்பும்போது நேராக இறங்கிவிடுகிறது. இப்படி ஒவ்வோர் அலையிலும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். ஆண்டின் பெரும்பகுதி அலை தெற்குப் பக்கமிருந்து வருவதால் மணல் வடக்கே போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று அடித்தால் தெற்கே திரும்புகிறது. மொத்தத்தில் வடக்கே போவதுதான் அதிகம்.

இதற்குச் சாட்சி மெரினா. எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. ஒரு காலத்தில் ஜார்ஜ் கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே கடல் இருந்தது. 1870களில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். வடக்கே போன மணல் அதில் முட்டி நின்றது. சுவருக்குத் தெற்கே இன்று நாம் சுண்டல் வாங்கித் தின்னும் அகலமான மணல்வெளி உண்டானது. சுவருக்கு வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரவில்லை, ஆனால் கடல் அரிப்பதை நிறுத்தவில்லை. அங்கே கரை நெடுகப் பாறாங்கல் கொட்டியிருப்பது அதனால்தான். அப்புறம் கூவம்! அதன் வாய் அந்தச் சுவருக்குச் சற்றுத் தெற்கே, மணல் சேரும் இடத்திலேயே இருக்கிறது. அடைபடாமல் என்ன செய்யும்?

திரும்பவும் சொல்கிறேன்: அடைப்பது காற்று எழுப்பும் அலை, திறப்பது மழைவெள்ளம். 2015 டிசம்பரில் அடையாறு எப்படிப் பாய்ந்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். வாய் அடைபட்டால் கடல்நீர் உள்ளே ஏறாது. சாக்கடை தேங்கும், மடவை மீன் குஞ்சும் இறால் குஞ்சும் உள்ளே வர வழியிருக்காது. கோடையில் பொக்லைன் வைத்து வெட்டினால் அலை மறுபடி மூடிவிடும். மழைக்கு முன்னால் வெட்ட வேண்டும். முகத்துவாரம் இடம் மாறக்கூடியது. அது நகர்வதற்கு இருபுறமும் கட்டடம் இல்லாத வெளியை விட்டுவைக்க வேண்டும்.

கடற்கரை மணலில் படரும் அடம்பங்கொடியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரமாகிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். காற்றில் பறக்கும் உலர்மணலைப் பிடித்து மேடாக்குவது அந்தக் கொடிதான். கரையைச் சுத்தம் செய்யும்போது தயவுசெய்து அதைப் பிடுங்க வேண்டாம். வணக்கம்.