விசாரிப்பு

கிறிஸ்துவுக்குள் அன்பான நேயர்களே, வணக்கம்.

"அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். சொன்னதோடு கடமை முடிந்தது. ஆனால் நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 'விசாரிப்பு' என்ற சொல்லுக்கு எடை அதிகம். "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்கிறது மத்தேயு 25. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்களுடைய உபத்திரவத்திலே விசாரிப்பதுதான் மாசில்லாத பக்தி என்கிறார் யாக்கோபு. பக்கத்தில் இருந்து, தேவையானதைச் செய்து, பராமரிப்பது என்று அதற்குப் பொருள். பேதுருவின் முதலாம் நிருபம் 5ஆம் அதிகாரத்தில் இதே சொல் தேவனுக்கே வருகிறது: "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." தன்னை விசாரிக்கிறவர் ஒருவர் உண்டு என்று நம்புகிறவன் கை, அடுத்தவனை விசாரிக்க நீளும். விசுவாசத்துக்கும் அன்புக்கும் உள்ள முடிச்சு இதுதான்.

நல்ல சமாரியன் உவமை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். லூக்கா 10. இன்று அதில் செலவுக் கணக்கை மட்டும் பாருங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறக்குறைய 27 கிலோமீட்டர். சுமார் ஆயிரம் மீட்டர் இறக்கம். அந்த வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குச் சமாரியன் முதலில் கொடுத்தது தன் பயணத்துக்கு வைத்திருந்த எண்ணெயும் திராட்சரசமும். ரசம் காயத்தைக் கழுவ, எண்ணெய் எரிச்சலைத் தணிக்க. அடுத்து, அவனைத் தன் வாகனத்தில் ஏற்றினான். அப்படியென்றால் இவன் நடந்திருப்பான். இரவு சத்திரத்தில் தானே பராமரித்தான். மறுநாள் சத்திரத்தான் கையில் இரண்டு பணம், அதாவது அக்காலத்து இரண்டு வெள்ளிக்காசு. திராட்சத் தோட்ட உவமையில் ஒரு நாள் கூலி ஒரு பணம் என்று பேசுகிறார்கள். ஆக இது இரண்டு நாள் கூலி. கொடுத்துவிட்டுச் சொல்கிறான்: "நீ இவனை விசாரித்துக்கொள்." அதே சொல்! கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்கிறான். தன் வேலையையும் விடவில்லை, அடிபட்டவனையும் கைவிடவில்லை. இன்னொருவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, பணமும் கட்டி, திரும்பி வருவதாக வாக்கும் கொடுத்துவிட்டுத்தான் புறப்படுகிறான்.

நம்முடைய விசாரிப்பு பெரும்பாலும் தடுமாறுவது இந்தக் கடைசிப் பகுதியில்தான். ஒரு வீட்டில் மரணம், அல்லது பெரிய அறுவைச் சிகிச்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் வீடு நிறைய ஆட்கள், ஒரே நாளில் நான்கு வீட்டுச் சாப்பாடு. இரண்டாம் வாரம் கூட்டம் குறையும். மூன்றாம் வாரம் ஒருவரும் இல்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஒவ்வொருவரும் வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆதி சபைக்கும் இதே சிக்கல் வந்தது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம்: கிரேக்க மொழி பேசிய விதவைகள் "அன்றாட விசாரணையில் திட்டமாய் விசாரிக்கப்படவில்லை" என்று முறுமுறுப்பு எழுந்தது. 'திட்டமாய்' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அன்பைப் பற்றி இன்னொரு பிரசங்கம் செய்து அப்போஸ்தலர்கள் அதைச் சமாளிக்கப் பார்க்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். யார் பக்கத்திலிருந்து குறை எழுந்ததோ, அந்தப் பக்கத்து ஆட்கள் கையிலேயே பொறுப்பு போனதாகத் தெரிகிறது. நம் கமிட்டிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கி.பி. 251 வாக்கில் ரோமாபுரி ஆயர் கொர்நேலியு எழுதிய கடிதத்தில், அந்தச் சபை 1,500க்கும் மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் தாங்கி வந்ததாகக் குறிப்பு இருக்கிறது. எண்ணிக்கை சொல்ல முடிந்ததென்றால், யாரோ பெயர்ப் பட்டியல் வைத்திருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

ஆகவே ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். நான்கு பத்திகள்: பெயர், தேவை, பொறுப்பேற்றவர், அடுத்துப் போகும் தேதி. கடைசிப் பத்தி காலியாக இருந்தால் மற்ற மூன்றும் வீண். ஒருவருக்கு இரண்டு குடும்பங்களுக்கு மேல் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அவர் சில மாதங்களில் களைத்து ஒதுங்கிவிடுவார். துன்பத்தில் இருப்பவரிடம் "ஏதாவது வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். கேட்கிற பாரத்தையும் அவர் தலையிலேயே வைத்த மாதிரி ஆகிவிடும். "செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்கு நான் கூட வரட்டுமா? சனிக்கிழமை பிள்ளைகளை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளட்டுமா?" இப்படிக் கேட்டால் ஆம் என்றோ வேண்டாம் என்றோ சொல்வது அவர்களுக்கு எளிது.

சாப்பாடு கொண்டுபோவதாக இருந்தால், நோயாளிக்கு உப்பு, சர்க்கரை எதிலாவது கட்டுப்பாடு உண்டா என்று முதலில் கேளுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு வீடு வீதம் முறை வைத்தால் வீணாகாது. திருப்பித் தர வேண்டாத பாத்திரத்தில் கொடுங்கள். கழுவி, யாருடையது என்று தேடித் திருப்பித் தருவதும் அவர்களுக்கு ஒரு வேலை.

நோயாளியைப் பார்க்கப் போனால் பதினைந்து நிமிடம், அதிகம் போனால் இருபது. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். நின்றுகொண்டே பேசாமல் உட்காருங்கள். உங்களுக்குத் தெரிந்த இன்னொருவருக்கு இதே நோய் வந்து என்ன ஆனது என்ற கதை வேண்டாம். மருந்து யோசனையும் வேண்டாம். ஜெபிக்கட்டுமா என்று கேட்டுவிட்டு, சுருக்கமாக ஜெபியுங்கள். இந்தத் துன்பம் ஏன் வந்தது என்று விளக்கப் போகாதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள்!

இன்னொரு தொல்லை, ஜெபக்குறிப்பு என்ற பெயரில் பரவும் வம்பு. ஒரு வீட்டுக் கடன், ஒரு பெண்ணின் மணவாழ்க்கைச் சிக்கல், இவையெல்லாம் உரியவர் அனுமதி இல்லாமல் குழுவுக்குள் போகக்கூடாது. "ஒரு குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்றால் போதும், கர்த்தருக்கு விலாசம் தெரியும். ஆனால் வீட்டில் அடிஉதை, பிள்ளைகளுக்கு ஆபத்து என்று தெரிந்தால் அதை இரகசியம் என்று மூடி வைக்காதீர்கள்; உதவி செய்யக்கூடிய, அதற்குப் பொறுப்பானவர்களிடம் உடனே கொண்டுபோக வேண்டும்.

பண விஷயத்தில் பவுல் மிகவும் கறாரானவர். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைத் தனியாளிடம் விடவில்லை. சபைகள் தெரிந்தெடுத்தவர்களையும் தன் உடன்வேலையாளான தீத்துவோடு சேர்த்து அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று காரணமும் எழுதினார். இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கணக்கில் தொகை தெரியட்டும். பெற்றவர் பெயர் பொறுப்பாளர்களைத் தாண்டிப் போக வேண்டாம். உதவிப் பொருளைக் கையில் கொடுத்து, நிற்க வைத்துப் படம் எடுக்கிற பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள். வாங்குகிறவர் அன்று தலைகுனிந்து நிற்பது அந்தப் படத்திலேயே தெரியும்.

ஆராதனைக்கு வருகிறவர்களுக்குத்தான் உதவி என்று நிபந்தனை வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. யூதர் எருசலேமிலும் சமாரியர் கெரிசீம் மலையிலும் தொழுதவர்கள். ஆனாலும் சமாரியன் அடிபட்டவனிடம் எந்த மலையில் தொழுகிறாய் என்று கேட்கவில்லை.

அந்த நோட்டில், துக்க வீடுகளுக்கு இன்னும் மூன்று தேதிகளை இப்போதே எழுதிவிடுங்கள்: மூன்றாம் வாரம், மூன்றாம் மாதம், இறந்தவரின் முதலாண்டு நினைவு நாள். ஒவ்வொன்றுக்கும் எதிரில், போகப்போகிறவர் பெயர்.