28,000 பேரின் இரத்தம் சொன்ன கணக்கு

(காட்சி: 2020 மே. ஊரடங்கில் வெறிச்சோடிய சாலைகள். திரையின் ஓரத்தில் அன்றைய தொற்று எண்ணிக்கை.)

அந்த நாட்களில் தினமும் ஓர் எண்ணுக்காகக் காத்திருந்தோம்: இன்று எத்தனை பேருக்குக் கொரோனா? அந்த எண்ணில் இருந்தவர்கள் பரிசோதனை செய்துகொண்டவர்கள் மட்டுமே. அறிகுறியே இல்லாமல் தொற்று வந்து போனவர்களும், பரிசோதனைக் கூடத்தைப் பார்த்திராத கிராமத்தாரும் அதில் இல்லை. உண்மையில் எத்தனை பேரைக் கிருமி தொட்டிருந்தது?

இதைக் கண்டறியும் களப்பணிக்குத் தலைமை ஏற்றது, சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். தொழுநோய்க்கான கள ஆய்வுப் பிரிவு ஒன்றையும் மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் இணைத்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1999-இல் இதைத் தொடங்கியது. வீடு வீடாகப் போவதும் கணக்குப் போடுவதும் இதன் பிறவிக்குணம்.

(காட்சி: இந்திய வரைபடம். 70 மாவட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.)

தொற்று ஒருமுறை வந்து போனால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகும். அதைத் தேடுவதுதான் செரோ சர்வே. யாரிடம் தேடுவது என்பதில்தான் சூட்சுமம். மருத்துவமனைக்கு வந்தவர்களை எடுத்தால் கணக்கு ஏறிவிடும். தாமாக முன்வருபவர்களை எடுத்தாலும் சாய்ந்துவிடும். அதனால் 21 மாநிலங்களில் 70 மாவட்டங்களைத் தேர்ந்தார்கள். ஒரு நோயாளிகூடப் பதிவாகாத மாவட்டங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மாவட்டத்துக்கு 10 கிராமங்கள் அல்லது வார்டுகள், ஒவ்வொன்றிலும் 40 பேர், வீட்டுக்கு ஒரு பெரியவர். தமிழகத்தில் சென்னை, கோவை, திருவண்ணாமலை. மொத்தம் 28,000 பேர். முழுக்கவசம் அணிந்தவர்கள் வாசலில் வந்து நின்று இரத்தம் கேட்டால், அந்த நேரத்தில் யாருக்கும் அச்சம் வரும். அப்படியும் கையை நீட்டினார்கள் என்பதை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

(காட்சி: ஆயிரம் மனித உருவங்கள். 7 சிவப்பு, 20 மஞ்சள்.)

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பரிசோதனைக் கருவி நூறு பேரில் இரண்டு பேரைத் தவறாக ‘தொற்று இருந்தது’ என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். நல்ல கருவிதான். ஆனால் ஆயிரம் பேரில் உண்மையில் 7 பேருக்கே தொற்று வந்திருந்தால்? அந்த 7 பேரோடு, தொற்றே வராத சுமார் 20 பேரும் பட்டியலில் ஏறிவிடுவார்கள். பொய் மெய்யை விழுங்கிவிடும். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. நோய் அரிதாக இருக்கும்போது எந்தக் கருவிக்கும் வரும் சிக்கல் இது. புனே தேசிய வைராலஜி நிறுவனம் உருவாக்கிய ‘கோவிட் கவச்’ கருவியில் தொற்று காட்டிய இரத்தத்தை, வேறொரு கருவியிலும் சோதித்தார்கள். இரண்டிலும் தேறியதே கணக்கில் சேர்ந்தது.

விடை: 0.73 சதவீதம்.

ஒரு சதவீதம்கூட இல்லையே என்று பலர் நிம்மதி அடைந்தார்கள். அதை நாட்டின் பெரியவர்களின் எண்ணிக்கையோடு பெருக்கிப் பார்க்க வேண்டும். மே மாதத் தொடக்கத்திலேயே சுமார் 64 லட்சம் பெரியவர்களுக்குத் தொற்று வந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. பதிவான ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னால், பதிவாகாத தொற்றுகள் ஏறக்குறைய 80 முதல் 130 வரை. அதே வேளையில், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு இன்னும் தொற்று வரவே இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். செய்திகளில் பெரும்பாலும் ஒன்றுதான் எடுபட்டது.

அதே 70 மாவட்டங்களுக்கு மீண்டும் போனார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் பத்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 15 பேருக்கு ஒருவரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. 2020 டிசம்பர், 2021 ஜனவரியில் ஐந்து பேருக்கு ஒருவருக்கு மேல்.

(காட்சி: காவலர் ஒருவர் தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்.)

பிறகு இரண்டாம் அலை. தடுப்பூசி உயிரைக் காக்கிறதா என்ற கேள்விக்கு, இந்நிறுவனத்தினர் தமிழகக் காவல்துறையின் பதிவேடுகளில் விடை தேடினார்கள். தடுப்பூசி போடாத 17,059 பேரில் 20 பேர் இறந்திருந்தார்கள். ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டு தவணையும் போட்ட 67,673 பேரில் 4 பேர். இரண்டு தவணைகள் மரணத்தைத் தடுப்பதில் 95 சதவீதம் பயன் தந்தன. ஊசிக்குத் தயங்கி நின்ற ஒருவரிடம் காட்ட, இதைவிடத் தெளிவான கணக்கை நான் பார்த்ததில்லை.

(காட்சி: பூட்டிய பள்ளி வாயில்.)

நான்காம் சுற்று 2021 ஜூன், ஜூலையில். இம்முறை ஆறு வயதுக் குழந்தைகள் முதல் சேர்த்தார்கள். 67.6 சதவீதம் பேரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரிடமும் இருந்தது. தொற்று அவர்களை ஏற்கெனவே தொட்டுவிட்டிருந்தது, பள்ளிகள் மூடியிருந்தபோதே. முடிவுகளை வெளியிட்ட அன்று ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா, பள்ளிகளைத் திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். ஆசிரியர்களும் ஊழியர்களும் அதற்கு முன் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஏனென்றால் அதே முடிவுகளின்படி, நாட்டில் சுமார் 40 கோடிப் பேருக்கு அப்போதும் எதிர்ப்பொருள் இல்லை.