எழும்பூர் அருங்காட்சியகத்தில் எங்கள் ஊரைத் தேடி ஒரு நாள்

வணக்கம். நான் இப்போது சென்னை எழும்பூரில், பாந்தியன் சாலையில் நிற்கிறேன். பஸ் ஹாரன் சத்தம் நடுநடுவே கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதோ, எனக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே சிவப்பாகத் தெரிகிறதே, அதுதான் அரசு அருங்காட்சியகம். இன்று முழுக்க இங்கேதான் இருக்கப்போகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம். செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். கல்யாணம், நேர்காணல், ஆஸ்பத்திரி என்று எத்தனையோ முறை வந்து இறங்கியிருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் தூரத்தில்தான் இந்த இடம் இருக்கிறது. ஆனாலும் ஒரு முறைகூட உள்ளே வந்ததில்லை. இந்த முறை என் ஆச்சி சொல்லி அனுப்பியதால் வந்திருக்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் ஆதிச்சநல்லூர். அங்கே இருக்கும் மேட்டை நாங்கள் பரம்பு என்போம். "பரம்பில் தோண்டினதையெல்லாம் வெள்ளைக்காரன் பெட்டி கட்டிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்விட்டான் என்று எங்கள் தாத்தா சொல்வார். அது இருக்கிறதா என்று பார்த்து வந்து சொல்" என்றார் ஆச்சி. அதைப் பார்க்கத்தான் போகிறேன்.

வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை விடுமுறை. கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, நுழைவாயிலிலேயே வாங்கிவிடுங்கள். காலையில் திறந்ததும் வந்துவிட்டால் நல்லது. ஒரே வளாகத்துக்குள் பல கட்டடங்கள் இருக்கின்றன. அரை நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்று வந்தால் ஏமாந்துபோவீர்கள்.

சாலையின் பெயரைப் பலர் பாண்டியன் சாலை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் விருந்துக்கும் நடனத்துக்கும் கூடிய பாந்தியன் என்ற மாளிகை இங்கே இருந்தது, அந்தப் பெயர்தான் இது. அருங்காட்சியகம் தொடங்கியது 1851-இல். முதலில் நுங்கம்பாக்கத்தில், இன்றைய கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில் இருந்தது, 1854-இல் இங்கே வந்தது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஒரு மருத்துவர். ஆரம்பத்தில் இருந்தவை சுமார் 1,100 கற்களும் தாதுக்களும்தான். கூட்டத்தை வரவழைக்க அவர் உயிருள்ள புலி, சிறுத்தையை எல்லாம் கொண்டுவந்து வைத்தார். பிறகு அந்த விலங்குகள் மட்டும் தனியாகப் பிரிந்து சென்னையின் மிருகக்காட்சிசாலை ஆயின. பழைய சென்னைவாசிகள் அதை உயிர் காலேஜ் என்றும், இதைச் செத்த காலேஜ் என்றும் சொல்வார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு தாத்தா இன்று பேரனிடம் "செத்த காலேஜ் பார்க்கலாம் வா" என்று கூப்பிட்டபோது, அந்தப் பெயர் இன்னும் உயிரோடு இருப்பதைக் காதால் கேட்டேன்.

சரி, உள்ளே போகிறேன்.

முதலில் கற்காலம். இங்கே கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேசுகிறேன். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். மனிதன் செதுக்கிய கோடரி அது. இந்தியாவில் இவ்வளவு பழைய காலத்து மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அதுதான் முதல் அத்தாட்சி. தாம்பரம் மின்சார ரயிலில் தினமும் லட்சக்கணக்கானவர்கள் கடந்துபோகும் அதே பல்லாவரம்தான்! அதே ஆண்டு செப்டம்பரில் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் அவரும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் இப்படிப்பட்ட கருவிகளைக் கண்டார்கள். அந்த அத்திரம்பாக்கத்தில் நம் காலத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அகழ்ந்து பார்த்து, மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் வெளியிட்டது. ஃபூட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தொகுப்பை 1904-இல் இந்த அருங்காட்சியகத்துக்காக வாங்கினார்கள்.

கூழாங்கல்லுக்கும் கோடரிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்கள் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் அதன் ஓரத்தை மட்டும் பாருங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டிச் சில்லு பெயர்த்திருப்பார்கள். ஆற்றில் உருண்ட கல்லுக்கு அப்படி விளிம்பு வராது.

இதோ ஆதிச்சநல்லூர். கொஞ்ச நேரம் பேசாமல் பார்க்கிறேன்.

சரி. 1876-இல் பெர்லினிலிருந்து யாகோர் என்பவர் வந்து எங்கள் பரம்பைத் தோண்டி, எடுத்ததை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ வந்தார். 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டினார். அவர் எடுத்தவைதான் சென்னைக்கு வந்தன. ஆச்சியின் தாத்தா சொன்ன வெள்ளைக்காரன் இவராகத்தான் இருக்க வேண்டும். பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த அந்த மேடு 114 ஏக்கர். பானைகள், இரும்பு வாள், ஈட்டி, வெண்கல மூடிகள், பொன் பட்டங்கள் எல்லாம் கிடைத்தன. பொன் பட்டம் என்றால் மெல்லிய தகடு, நீள்வட்டமாக இருக்கும். இறந்தவரின் நெற்றியில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். இன்றைக்கும் எங்கள் பக்கம் இறந்தவர் நெற்றியில் காசு வைப்பது உண்டு. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அதைப் படித்த நாளிலிருந்து காசு வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் தகடுதான் ஞாபகம் வருகிறது.

இறந்தவரை உள்ளே வைத்துப் புதைத்த பெரிய பானைதான் தாழி. தாழி என்றாலே எனக்குப் புறநானூற்றின் 256-ஆம் பாட்டுதான். கணவனை இழந்த ஒரு பெண் குயவரிடம் போய்க் கேட்கிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த சின்னப் பல்லியைப் போல அவனோடு இத்தனை தூரம் வந்துவிட்டேன், நீங்கள் வனையும் தாழியை எனக்கும் சேர்த்து அகலமாக வனையுங்கள் என்கிறாள். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த பாட்டு. ஊரில் இப்போது அகழ்ந்த குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். அங்கே குனிந்து பார்த்தபோதுதான், ஒரு ஆளை உட்கார வைத்தால் இன்னொருவருக்கு இடமே இல்லை என்பது தெரிந்தது. அவள் ஏன் அகலம் கேட்டாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இந்த வெண்கல மூடிகளைப் பாருங்கள். மேலே சேவல், எருமை, ஆட்டுக்கடா. எல்லாம் எங்கள் ஊர்த் தெருவில் திரிகிறவை. சிங்கம் இல்லை, யாளி இல்லை. இதைச் செய்தவர் தன் வாசலில் நின்றதைத்தான் செய்திருக்கிறார். எனக்கு இது எந்த ராஜாவின் கிரீடத்தை விடவும் பெரிது.

அடுத்து அமராவதி. இந்த வளாகத்தில் ஒரே ஒரு கூடம்தான் பார்க்க நேரம் என்றால் நான் உங்களை இங்கேதான் கூட்டிவருவேன். ஆந்திரத்தில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரிய பௌத்த ஸ்தூபத்தின், அதாவது பௌத்தர்கள் வழிபட எழுப்பிய வட்ட மேட்டின், கற்கள் இவை. வெளிறிய சுண்ணாம்புக் கல், கொஞ்சம் பச்சை ஓடியிருக்கும். அந்தக் கல்லின் குணமே அதற்கு எமனாகிவிட்டது. அதைச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும். 1797-இல் கும்பினியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சி முதலில் பார்க்கப் போனபோதே, அந்தப் பக்கத்து ஜமீன்தார் புது ஊர் கட்ட மேட்டிலிருந்து கல் எடுத்துக்கொண்டிருந்தார். 1816-இல் அவர் திரும்பி வந்தபோது மேட்டின் நடுவில் குளமே வெட்டியிருந்தார்கள். 1845-இல் கும்பினி அதிகாரி வால்டர் எலியட் மீதியைத் தோண்டி மதராசுக்கு அனுப்பினார். இங்கே அவை வெயிலிலும் மழையிலும் வெகுகாலம் வெளியில் கிடந்தன. 1859-இல் 121 கற்களைக் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். அவை இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நான் இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒரே ஸ்தூபத்தின் வேலி, ஒரு பாதி எழும்பூரில், ஒரு பாதி லண்டனில். ஒரு கதையின் நடுப்பக்கத்தைக் கிழித்துக் கடல் தாண்டி வைத்ததைப் போல இருக்கிறது.

இந்த வட்டத்தைப் பாருங்கள். கேமராவை நிதானமாக நகர்த்துகிறேன். ராஜகிருகத்தில் புத்தரைக் கொல்ல நளகிரி என்ற மதயானையை ஏவிவிட்ட கதை. இடது பக்கம் யானை வாயிலைத் தாண்டிப் பாய்ந்து வருகிறது, காலடியில் ஓர் ஆள் சிக்கியிருக்கிறான், ஜனங்கள் சிதறி ஓடுகிறார்கள். ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்குகிறவர்களைக் கவனியுங்கள். இப்போது வலது பக்கம் வாருங்கள். அதே யானை, புத்தருக்கு முன்னால் மண்டியிட்டிருக்கிறது. மேலே மாடங்களிலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு கல், அதில் ஒரே யானை இரண்டு முறை. நடுவில் நடந்ததை நம் மனம் நிரப்பிக்கொள்கிறது. செதுக்கி ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஒரு கல்லின் முன் நான் இருபது நிமிடம் நின்றேன். ஒரு காவலர் வந்து, "உட்கார்ந்து பாருங்கள், கால் வலிக்கும்" என்று நாற்காலியைக் காட்டினார். அவருக்கு நன்றி.

இன்னொன்று. பழைய பலகைகளில் புத்தரின் உருவமே இருக்காது. வெறும் ஆசனம், பாதச் சுவடு, போதி மரம், சக்கரம். அவரைச் சுற்றி எல்லோரும் கும்பிடுவார்கள், நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் அவர். பிறகு வந்த சிற்பிகள்தான் இந்த யானைக்கு முன் நிற்பதைப் போல அவரை மனிதராகச் செதுக்கினார்கள். இரண்டையும் ஒரே கூடத்தில் பார்க்க முடிகிறது.

திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்க்காமல் குழந்தைகளைக் கூட்டிவந்துவிட முடியாது, அதையும் பார்த்தேன். பெரியது. அவ்வளவுதான்.

இப்போது வெளியே மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிறேன். வெண்கலக் கூடத்துக்குள் கேமராவை மூடி வைத்துவிட்டேன். அங்கே பார்க்கத்தான் தோன்றியது.

இந்தத் திருமேனிகளில் பல, வயலில் உழும்போதும் அடித்தளம் தோண்டும்போதும் கிடைத்தவை. ஆபத்துக் காலத்தில் கோயிலைச் சேர்ந்தவர்கள் மண்ணுக்குள் இறக்கி மூடியிருக்கிறார்கள். திரும்ப எடுக்க அவர்களால் முடியவில்லை. 1878-இல் வந்த புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வழியாகத்தான் பல சாமிகள் எழும்பூர் வந்தார்கள். நாகப்பட்டினத்தில் மட்டும் 1856 தொடங்கிச் சுமார் 350 பௌத்த வெண்கலங்கள் கிடைத்தன. உச்சந்தலையில் சுடர் எரியும் புத்தர்கள். சோழர் காலத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இருந்த ஊர் அது.

கோயிலில் உற்சவரை நாம் முகம் மட்டும்தான் பார்த்திருப்போம். மற்றதெல்லாம் பட்டும் மாலையும் மறைத்திருக்கும். இங்கே திருவெண்காட்டு அர்த்தநாரி முழுதாக நிற்கிறார். ஆண் பாதிக்கு இரண்டு கை, பெண் பாதிக்கு ஒரு கை, மொத்தம் மூன்று. ஒரு பக்கம் தோள் விரிந்து நேராக இறங்குகிறது, மறுபக்கம் இடுப்பு ஒசிந்து வெளியே வருகிறது. நடுவில் எங்கே மாறுகிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன், ஒட்டுப்போட்ட தடமே இல்லை. மெழுகில் செய்து, மண் பூசி, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிற முறை. ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். இன்றைக்கும் சுவாமிமலையில் அப்படித்தான் செய்கிறார்கள்.

திருவாலங்காட்டு நடராஜருக்குச் சுற்றித் தீச்சுடர் வட்டம் இல்லை. அது இல்லாததே எனக்குப் பிடித்தது. கண் நேராக அந்தத் தூக்கிய காலுக்குப் போகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இவரை நேரில் பார்த்ததே இல்லை. புகைப்படங்களைப் பார்த்தே உருகி ஒரு கட்டுரை எழுதினார். நமக்கோ மெட்ரோவில் வந்து இறங்கும் தூரம். காரைக்கால் அம்மையார் இருந்து பாடிய ஊர் திருவாலங்காடு. அவர் கேட்டது அந்தத் திருவடியின் கீழே இருக்க ஓர் இடம் மட்டும்தான். அந்த ஊரிலிருந்து வந்த அந்தக் காலுக்கு எதிரே நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒவ்வொரு பலகையிலும் சாமியின் பெயருக்குப் பிறகு ஓர் ஊர்ப் பெயர் இருக்கிறது. திருவெண்காடு, நாகப்பட்டினம், திருவாலங்காடு. எல்லோரும் சாமியின் பெயரைப் படித்துவிட்டு நகர்கிறார்கள். உங்கள் ஊரோ உங்கள் அம்மாவின் ஊரோ அதில் இருக்கலாம், நின்று படியுங்கள். எனக்கு ஆதிச்சநல்லூர் என்ற எழுத்தைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது.

மதியம் ஆச்சிக்குப் போன் செய்து சொன்னேன். எல்லாம் பத்திரமாக இருக்கிறது, வெண்கலத்தில் எருமைகூடச் செய்திருக்கிறார்கள் என்றேன். ஆச்சி ஒரு காலத்தில் நான்கு எருமை வைத்திருந்தவர். பொன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கொம்பு எப்படி இருக்கிறது, பின்னால் வளைந்திருக்கிறதா, விரிந்திருக்கிறதா?" என்று கேட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை.

மணி நான்கரை. ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். கேமராவை அணைக்கிறேன், போய்க் கொம்பைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.