எட்டிப் பார்த்தவர் விழுந்த கதை

நண்பர்களே, வணக்கம்.

எட்வர்டு மன்னர் காலத்து இங்கிலாந்தில், ஒரு கடற்கரை ஊரில் எடுத்த சினிமாக்களைப் பற்றிப் பேசுவதாக அறிவித்திருந்தேன். முதலில் அதில் ஒரு படத்தில் வரும் கிழவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெருவோரத்தில் தொலைநோக்கியும் கையுமாக நிற்கிறார். தூரத்தில் ஒரு ஜோடி, கூடவே ஒரு சைக்கிள். பெண்ணின் ஷூ கயிறு அவிழ்ந்திருக்கிறது. அவள் பெடலில் காலை வைக்க, கூட வந்தவன் குனிந்து கட்டுகிறான். கிழவர் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்புகிறார். சட்டென்று திரை முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் அவளுடைய கால், பாவாடை ஓரம், கயிறு கட்டும் கை. அந்தக் கை கட்டுவதோடு நிற்கவில்லை. கணுக்காலையும் மெல்லத் தடவுகிறது. மறுபடி தெரு. கிழவர் பரம திருப்தியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். ஜோடி அவரைக் கடந்து போகிறது. போகிற போக்கில் அந்த ஆள் கொடுத்தானே ஒன்று! தொப்பி ஒரு பக்கம், கிழவர் ஒரு பக்கம்.

அவ்வளவுதான் படம். ஒரு நிமிஷம்தான் ஓடும். 1900இல் எடுத்தது. எடுத்தவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித். இடம், இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டனை ஒட்டிய ஹோவ். அந்த ஊர்க்காரரிடம் "நீங்கள் பிரைட்டனா?" என்று கேட்டுவிடக் கூடாதாம். "இல்லை, ஹோவ்" என்று உடனே திருத்துவார்களாம். எட்வர்டு மன்னர் காலம் என்று அறிவித்துவிட்டு 1900ஐப் பேசுகிறாயே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். விக்டோரியா ராணி இறந்து எட்வர்டு மன்னரானது 1901 ஜனவரியில். ஒரு வருஷம் முன்னேபின்னே இருக்கட்டும்.

அந்த வட்டத்துக்கு வருவோம். அதுவரை பெரும்பாலான படங்களில் கேமரா, நாடகக் கொட்டகையில் முதல் வரிசையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவரைப் போல ஒரே இடத்தில் இருந்தது. இங்கே அது கிழவரின் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இன்று நாம் சாதாரணமாகப் பார்க்கிற க்ளோசப்பின் ஆரம்ப நாட்களில் இப்படியொரு விடலைத்தனமான வேலைதான் அதற்குக் கிடைத்தது. எனக்கு இதில் வருத்தமே இல்லை. பெரிய லட்சியத்தோடு கிளம்பியிருந்தால் இவ்வளவு சீக்கிரம் ஊர் சுற்றியிருக்காது.

இது ஏன் கடற்கரை ஊரில் நடந்தது? வெயில், வெளிச்சம், லண்டனிலிருந்து ரயில் எல்லாம் உண்டு. கேமரா செய்து தர ஆல்ஃபிரட் டார்லிங் என்ற கைதேர்ந்த இயந்திரக்காரர் பிரைட்டனிலேயே இருந்தார். ஆனால் எனக்குப் படுகிற காரணம் வேறு. அங்கே வந்தவர்களுக்கு முக்கியமான வேலையே பார்ப்பதும் பார்க்கப்படுவதும்தான். நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு கடலோரச் சாலையில் நடப்பார்கள். பியர் என்று கடலுக்குள் நீளும் நடைமேடையில், ஒரு பென்னி போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் படம் அசையும் பெட்டிகள் இருந்தன. குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். குளிக்கப் போகும் பெண்களோ யார் கண்ணிலும் படாமல் உடை மாற்ற, சக்கரம் வைத்த மரக்கூண்டுக்குள் ஏறித் தண்ணீர் வரைக்கும் போனார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்கலாம் என்று அதே கரையில் பெக்ஸ்ஹில் அனுமதி கொடுத்ததே 1901இல்தான். இவ்வளவு மூடி வைத்தால் தொலைநோக்கிக்கு ஏன் கிராக்கி இருக்காது?

ஸ்மித்தும் சும்மா ஆளில்லை. இளவயதில் மேடையில் மனோவசியம், அடுத்தவர் மனதைப் படிப்பது என்று வித்தை காட்டியவர். அதெல்லாம் ஏமாற்றுதான் என்று கூட்டாளி பிற்காலத்தில் பத்திரிகையில் எழுத, ஸ்மித் மறுத்தார். எது எப்படியோ, கூட்டத்தின் கண் எங்கே போகும் என்று தெரிந்தவர். 1908இல் பிரைட்டன் கடற்கரையையே கினிமாகலர் என்ற தன் முறையில் வண்ணத்தில் எடுத்தார். சிவப்பு, பச்சை என்று இரண்டே வடிகட்டிகள். 1911 டெல்லி தர்பாரையும் பிறகு அதே முறையில்தான் படமெடுத்தார்கள்.

பார்ப்பவன் கதை இது. பார்க்கப்படுபவன் சும்மா இருப்பானா? அதே ஹோவில் மருந்துக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் வில்லியம்சன் 1901இல் ஒரு படத்தாலேயே பதில் சொன்னார். அதில் ஒருவர், தன்னை யாரோ படமெடுப்பதைக் கண்டு கோபமாகக் கையை ஆட்டிக்கொண்டு கேமராவை நோக்கி வருகிறார். வந்துகொண்டே இருக்கிறார். முகம் திரையை அடைக்கிறது, வாய் திறக்கிறது, பிறகு வாய் மட்டும்தான். அந்த இருட்டுக்குள் கேமராவும் கேமராக்காரரும் தலைகுப்புற விழுகிறார்கள். ஆள் பின்வாங்கி, திருப்தியாக மென்றுகொண்டு சிரிக்கிறார். விழுகிற இடத்தில் இருந்தது வெறும் கறுப்புப் பின்னணி. இடையில் ஒரு வெட்டு. தந்திரம் இவ்வளவுதான். ஆனால் ஆள் நெருங்க நெருங்க ஃபோகஸ் கலையாமல் பார்த்துக்கொள்வது அந்தக் கருவிகளோடு லேசான காரியமில்லை. எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. கேமராவைத்தான் விழுங்கிவிட்டாரே, அவர் மெல்லுவதைப் படமெடுத்தது யார்? இதை யோசித்து ஒரு நாள் தூக்கம் கெட்டிருக்கிறேன்.

கடைசியாக லாரா பெய்லி. மேடை நடிகை, ஸ்மித்தின் மனைவி. 1903இல் வந்த மேரி ஜேன் படத்தில் அவர் வேலைக்காரப் பெண். கடலே கிடையாது, சமையலறைதான். ஷூ பாலிஷ் போடும்போது மூக்குக்குக் கீழே மீசை மாதிரி கறை ஒட்டிக்கொள்கிறது. கிட்டத்தில் காட்டுகிறார்கள். அவர் வெட்கப்படவில்லை; நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். தொலைநோக்கி வட்டத்துக்குள் இருந்த அந்தக் காலுக்கு முகமில்லை. இங்கே முகம் வந்தது மட்டுமல்ல, எதிரே இருப்பவரைத் திருப்பியும் பார்க்கிறது. மூன்றே வருஷத்தில்!

அப்புறம் அடுப்பு பிடிக்கவில்லை என்று மண்ணெண்ணெயை ஊற்றுகிறார். புகைக்கூண்டு வழியாக வெளியே பறக்கிறார். அடுத்து கல்லறை. அதையும் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் வருகிறது. மேரி ஜேன் ஆவியாக எழுந்ததும் எல்லோரும் ஓட்டம். அவருக்கு அவர்களோடு எந்தப் பேச்சும் இல்லை. மண்ணெண்ணெய் டப்பாவைத் தேடி வந்திருக்கிறார்.

பின்வரிசையில் யாராவது அந்த விளக்கை அணைக்கிறீர்களா? மூன்று படமும் சேர்ந்து பத்து நிமிஷம்கூட ஆகாது.