கடலில் எண்ணெய் கொட்டினால் முதல் போன் யாருக்கு?

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

எண்ணெய்க் கசிவை எதிர்கொள்ளப் பழகும் ஓர் ஒத்திகையில் கண்ணால் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆற்று முகத்துவாரத்துக்குள் எண்ணெய் புகாமல் தடுக்க 200 மீட்டர் பூம் தேவைப்பட்டது. பூம் என்றால் தண்ணீரில் மிதக்கும் வேலி. மேலே நுரை அடைத்த உருளை, கீழே பாவாடை போலத் தொங்கும் தடித்த துணி, அதன் அடிவிளிம்பில் கனத்துக்குச் சங்கிலி. துறைமுகத்திடம் 100 மீட்டர் இருந்தது, பக்கத்து எண்ணெய்க் கிடங்கிடம் 100 மீட்டர் இருந்தது. காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் வந்தது. இரண்டையும் படகில் ஏற்றிக்கொண்டு போய் நடுவில் கோர்க்கப் பார்த்தால், ஒன்றின் கொக்கி மற்றதில் மாட்டவில்லை. வாங்கிய இடம் வேறு, இணைப்பின் அமைப்பும் வேறு. படகிலிருந்த ஒருவர் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினார். கட்டிய பிறகும் ஒரு முழம் இடைவெளி. நிஜமான எண்ணெயாக இருந்திருந்தால் அந்த ஒரு முழத்தின் வழியாக உள்ளே போயிருக்கும்.

பல துறைகள் சேர்ந்து திட்டமிட வேண்டும் என்று நாம் சொல்வது இதற்காகத்தான். மாட்டாத கொக்கியை விபத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். கொக்கி இரும்பில் மட்டும் இருப்பதில்லை. யார் முடிவெடுப்பது, யாரிடம் அனுமதி கேட்பது என்பதிலும் இருக்கிறது.

1967 மார்ச் 18 அன்று டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரைக்கு அப்பால் பாறையில் மோதியது. உள்ளே ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய். அந்த அளவு கசிவை அதுவரை உலகம் கண்டதில்லை, அதற்கென்று தயாரான ஏற்பாடும் இல்லை. மிச்சமிருந்த எண்ணெயை எரித்துவிடலாம் என்று கடைசியில் விமானங்களை அனுப்பிக் கப்பல்மீது குண்டு போட்டார்கள். கடலிலும் கரையிலும் ஆயிரக்கணக்கான டன் சலவை ரசாயனத்தைக் கொட்டினார்கள். அன்றைய ரசாயனம் எண்ணெயைவிடக் கொடிய நஞ்சு. ஒன்றும் செய்யாமல் விட்ட பாறைகளில் உயிர்கள் சில ஆண்டுகளில் திரும்பின. ரசாயனம் கொட்டிய பாறைகள் தேறுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். அவசரத்தில், முன்யோசனை இல்லாமல் செய்தார்கள்.

அதைப் பார்த்த அமெரிக்கா அடுத்த ஆண்டே, 1968-இல், கசிவு நேர்ந்தால் யார் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் தன் முதல் தேசியத் திட்டத்தை வெளியிட்டது. வட கடல் நாடுகள் எண்ணெய் மாசைச் சேர்ந்து எதிர்கொள்ள 1969-இல் பான் உடன்படிக்கையில் கைகோத்தன. அமெரிக்க ஏற்பாட்டில் இன்று 13 வட்டாரக் குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைவர்கள்: சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிலிருந்து ஒருவர், கடலோரக் காவல் படையிலிருந்து ஒருவர். கடலோரம் அல்லாத உள்நிலப் பகுதிக் கசிவை முன்னவரின் துறையும் கடலோரக் கசிவைப் பின்னவரின் துறையும் களத்தில் நடத்தும். இந்தக் குழு தானாகப் போய் எண்ணெய் அள்ளுவதில்லை. பேசி முடிவெடுத்து வைப்பதுதான் அதன் வேலை.

என்ன பேசுவார்கள்? ஓர் உதாரணம் சொல்கிறேன். எண்ணெய்ப் படலத்தின்மேல் சிதறடிப்பான் என்ற மருந்தைத் தெளித்தால் அது சின்னச் சின்னத் துளிகளாக உடைந்து தண்ணீருக்குள் இறங்கும். கரையும் பறவைகளும் தப்பும், ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் மீன்குஞ்சுகளுக்கு ஆபத்து. எதைக் காப்பது, எதை இழப்பது என்ற வேதனையான கேள்வி இது. நிதானமாக விவாதிக்க அன்றைக்கு நேரம் இருக்காது. கொட்டிய எண்ணெய் அலையில் கடையப்பட்டு, தண்ணீரை உறிஞ்சி, பழுப்பு நிறக் களி மாதிரி ஆகிவிடும். அளவும் மூன்று நான்கு மடங்காகப் பெருகும். அதற்குப் பிறகு மருந்து பிடிக்காது. அதனால்தான் மீன்வளம், வனவிலங்கு, மாநில அரசு என்று எல்லாரையும் வைத்துக்கொண்டு, இன்ன ஆழத்துக்கு மேல், கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்கு அப்பால் தெளிக்கலாம் என்று வரைபடத்தில் கோடு போட்டு வைத்துவிடுகிறார்கள். அந்த எல்லைக்குள் களப் பொறுப்பாளர் உடனே உத்தரவு போடலாம்.

அப்படியும் 1989 மார்ச் 24 நள்ளிரவில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டியபோது திட்டம் கைகொடுக்கவில்லை. கொட்டியது சுமார் 4 கோடி லிட்டர். 5 மணி நேரத்தில் கருவிகள் போய்ச் சேரும் என்று எழுதி வைத்திருந்தார்கள். அவற்றைச் சுமக்க வேண்டிய மிதவைப் படகு பழுதுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது, கருவிகள் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. போய்ச் சேர 10 மணி நேரத்துக்கும் மேலானது. முதல் மூன்று நாள் கடல் அமைதியாக இருந்தது. பிறகு புயல் வந்து எண்ணெயை நூற்றுக்கணக்கான மைல் கரைக்கு இழுத்துப் போனது. அந்த மூன்று நாளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

அடுத்த ஆண்டு வந்த எண்ணெய் மாசுச் சட்டம் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக்குழு, தனித்திட்டம் வேண்டும் என்றது. எக்ஸான் வால்டீஸ் தரைதட்டிய அலாஸ்கா வளைகுடாப் பகுதியில் இப்போது மீனவர்கள் தங்கள் சொந்தப் படகிலேயே ஆண்டுதோறும் பூம் இழுத்துப் பழகுகிறார்கள். நீரோட்டம் நொடிக்கு 35 சென்டிமீட்டரைத் தாண்டினால், நேர்குறுக்காகக் கட்டிய பூமின் அடியில் எண்ணெய் நழுவிவிடும். சாய்த்துக் கட்டி, நீர் மெதுவாக ஓடும் கரையோரமாக ஒதுக்க வேண்டும். எந்த ஓடையில் எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது அங்கே வலை போட்டவருக்குத்தான் தெரியும். அவரைக் கூட்டத்துக்கு அழைக்காமல் போடும் திட்டத்தை நான் நம்புவதில்லை.

ரசாயனம் என்றால் சிக்கல் இன்னும் கூடும். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தில் பாசெல் அருகே ஒரு வேளாண் ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் உயிரைப் பணயம் வைத்துத் தண்ணீர் பீய்ச்சினார்கள். தீ அணைந்தது. பீய்ச்சிய தண்ணீர் டன் கணக்கில் பூச்சிக்கொல்லியைக் கரைத்துக்கொண்டு நேராக ரைன் ஆற்றில் விழுந்தது. ஆறு செந்நிறமானது, விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஆற்றின் கீழ்ப்போக்கில் உள்ள நாடுகளுக்குச் சேதி தாமதமாகத்தான் போனது. தீயணைப்புத் துறை தன் கடமையைச் செய்தது. அந்த வளாகத்தின் வடிகால் எங்கே போய் முடிகிறது என்று தெரிந்தவர் பக்கத்தில் இல்லை. இருந்திருந்தால் கழிவுநீரைத் தேக்க வழி தேடியிருப்பார்கள்.

எழுதி முடித்த திட்டமும் தூசி படியும். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்து 11 பேர் மாண்டார்கள், 87 நாள் எண்ணெய் பெருகியது. அப்போது நிறுவனங்களின் திட்டங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். அந்த வெப்பக் கடலில் வாழவே வாழாத வால்ரஸ் என்ற பனிக்கடல் விலங்கைப் பாதுகாப்பது பற்றி அவற்றில் எழுதியிருந்தது. ஆலோசனைக்கு அழைக்க வேண்டிய நிபுணர் ஒருவரின் தொலைபேசி எண்ணும் இருந்தது. அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதைப் படித்த நாளிலிருந்து, ஒவ்வோர் ஒத்திகைக்கும் முந்தைய வாரம் பட்டியலில் உள்ள எல்லா எண்களுக்கும் நானே போன் செய்து பார்க்கிறேன். அலுவலக நேரத்தில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை இரவில். கடைசியாகச் செய்தபோது 17 எண்களில் 4 பேர் எடுக்கவில்லை. ஒரு வீட்டில் ஓர் அம்மா எடுத்து, "அவர் ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சுங்களே" என்றார். கொஞ்சம் இருங்கள் என்று உள்ளே போய், அந்த இடத்துக்கு இப்போது வந்திருப்பவர் யார் என்று கணவரிடம் கேட்டு வந்து சொன்னார். பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டேன்.

நன்றி, வணக்கம்.