ஆயிரம் ஹெச்பி லாரிக்கு எந்த கியர் பாக்ஸ்?

நேயர்களுக்கு வணக்கம். வேலூர் பைபாஸ் ஓரத்தில் முப்பது வருஷமாக லாரி கியர் பாக்ஸ் பிரித்து மாட்டுகிறவன் நான். போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு பையன் வந்தான். டிரெய்லர் இழுக்கிற பழைய டிராக்டர் ஹெட் லாரி ஒன்றை வாங்கிப் போட்டிக்குத் தயார் செய்கிறான், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ மாற்றி, டீசல் பம்ப் மாற்றி, இன்ஜினை நல்லா ஏற்றி வைத்திருக்கிறான். "அண்ணா, மேனுவல் போடலாமா, ஆட்டோமேட்டிக் போடலாமா, நீங்களே சொல்லுங்கணா" என்றான். முன்னெல்லாம் யோசிக்காமல் மேனுவல் என்று சொல்லியிருப்பேன். இப்போது முதலில் நான் கேட்பது, "எங்கே ஓட்டப் போறே, எப்படிக் கிளம்பப் போறே?"

ஏன் அப்படிக் கேட்கிறேன் என்றால், ஏலகிரி மலைக்குப் போகிற பாதையில் பதினாலு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பாரி, கபிலர், கம்பர் என்று பெயர் எழுதி வைத்திருப்பார்கள். செங்கல் லோடு ஏற்றிய லாரி ஒன்று, பாதி மலையில் எதிரே வந்த பஸ்ஸுக்காக நின்று, திரும்பக் கிளம்பும்போது டிரைவர் ஹாஃப் கிளட்ச்சிலேயே இழுத்திருக்கிறார். மேலே போய்ச் சேரவில்லை. கட்டி இழுத்து வந்து கியர் பாக்ஸை இறக்கினால் கிளட்ச் பிளேட் கருகிக் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, இன்ஜினோடு சுற்றுகிற கனமான சக்கரமான ஃப்ளைவீலின் முகத்தில் நீலம் நீலமாகத் திட்டு, அந்தக் கருகல் வாடை இரண்டு நாள் ஷெட்டை விட்டுப் போகவில்லை. அந்த இன்ஜின் 180 ஹெச்பிதான், இழுவை 700 நியூட்டன் மீட்டர் பக்கம் வரும்.

இப்போது பந்தய லாரிக்கு வருவோம். டாடா 2014-இல் நொய்டா பக்கம் புத் சர்க்யூட்டில் பிரைமா லாரிப் பந்தயம் ஆரம்பித்தது. 2017-இல் அங்கே கொண்டுவந்த லாரி ஆயிரம் ஹெச்பிக்கு மேலே, 3500 நியூட்டன் மீட்டர் இழுவை. நம்ம செங்கல் லாரியைப்போல ஐந்து மடங்கு. கிளட்ச் என்பது உரசிப் பிடிக்கிற சாமான், ஒவ்வொரு முறை நழுவும்போதும் சூடு. இவ்வளவு இழுவைக்குச் சாதாரண ஒற்றைப் பிளேட் தாங்காது, இரட்டைப் பிளேட், செராமிக் பட்டன் வைத்தது போட வேண்டும். அதுவும் மெதுவாகப் பிடிக்கத் தெரியாத பிளேட், சட்டென்று கவ்வும். கவ்வின அதிர்ச்சி நேராக கியர் பாக்ஸுக்குள் போகிற இன்புட் ஷாஃப்டுக்கும் ஆக்சிலுக்கும் போகும், எங்கே பலவீனமோ அங்கே உடையும்.

அடுத்தது டர்போ. மேனுவலில் கியர் மாற்றக் காலை எடுத்த உடனே டர்போ காற்று இறங்கிவிடும், திரும்ப ஏற நேரம் பிடிக்கும். நின்ற இடத்திலிருந்து பாய்கிற போட்டியில் அந்த நேரம்தான் தோல்வி. ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரை அழுத்தி டர்போவை ஏற்றி வைக்கலாம். நடுவில் இருக்கிற டார்க் கன்வெர்ட்டர் ஆயிலால் இழுவையைக் கடத்துகிறது, கிளம்பும் அந்த ஒரு நொடியில் இழுவையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கியும் தருகிறது. கியர் மாறும்போதும் இழுவை அறுபடாது. ஆனால் கம்பெனியிலிருந்து வந்த ஆட்டோமேட்டிக் பெட்டியை அப்படியே மாட்டினால் உள்ளே இருக்கிற கிளட்ச் பேக், அதாவது பிளேட் அடுக்கு, நழுவும், ஆயில் கொதிக்கும். 120 டிகிரியைத் தாண்டினால் ஆயில் வீணாக ஆரம்பிக்கும். பெரிய கூலர், கெட்டியான கன்வெர்ட்டர், அதை நழுவாமல் பூட்டுகிற லாக்கப், கூடுதல் ஆயில் பிரஷர், இத்தனைக்கும் பணம் எடுத்து வைத்தவர்தான் அந்தப் பக்கம் போகணும்.

அப்படியானால் ஐரோப்பாவில் நடக்கிற லாரிப் பந்தயத்தில் எப்படி மேனுவல் இத்தனை வருஷம் நின்றது என்று கேட்கலாம். அங்கே லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தயம் தொடங்குகிறது, வேகமும் 160 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதி. பெட்டியில் பதினாறு கியர் இருந்தாலும் மேலே இருக்கிற இரண்டு மூன்று கியருக்குள்ளேயே ஓட்டம் முடிந்துவிடுகிறது. கிளட்ச்சுக்கு வேலையே குறைவு, வளைவில் எந்தக் கியரில் நுழையணும் என்பதும் டிரைவர் கையில்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. வோல்வோ 2016-இல் அயர்ன் நைட் என்று ஒரு லாரி செய்தது, 2400 ஹெச்பி, 6000 நியூட்டன் மீட்டர், எடை நாலரை டன். நின்ற இடத்திலிருந்து ஆயிரம் மீட்டரை 21.29 நொடியில் கடந்தது. அதில் இருந்தது இரட்டைக் கிளட்ச் பெட்டி. கிணற்றில் வாளி இழுக்கிறவர் ஒரு கை கயிற்றைப் பிடித்த பிறகுதான் மறு கையை விடுவார், இல்லையா? அதே மாதிரி அடுத்த கியர் பிடித்த பிறகுதான் பழைய கியர் விடுகிறது, வாளி ஒரு சாண்கூடக் கீழே இறங்காது.

சரி, பையனுக்கு என்ன சொன்னேன்? முதலில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டிப் பார்க்கணும் என்றான். அதற்கு மேனுவலே போதும். நம்ம பக்கத்தில் ஜாக்கியும் செயின் பிளாக்கும் இருந்தால் அரை நாளில் இறக்கி ஏற்றலாம், ஆட்டோமேட்டிக் பெட்டியைத் திறக்கத் தெரிந்த கை வேலூரில் ரொம்பக் குறைவு. நின்று பாய்கிற போட்டிக்கோ, பாரம் இழுக்கிற போட்டிக்கோ போவதாக இருந்தால் அப்போது ஆட்டோமேட்டிக்குக்குப் பணம் சேர்த்துக்கொண்டு வா என்றேன்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த லாரியில் இருப்பது வார்ப்பு இரும்பு ஃப்ளைவீல். கூடுதல் சுற்றிலும் சூட்டிலும் அதில் மயிரிழை விரிசல் விழுந்தால் வெடித்துச் சிதறும், சிதறுகிற இடம் டிரைவரின் காலடி. ஸ்டீல் ஃப்ளைவீல் போடு, அதை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கைச் சுற்றிக் கவசம் கட்டு, அதுவரை இன்ஜினை முழுசா முறுக்காதே என்றேன். கேபினுக்குப் பெயின்ட் அடிக்க எடுத்து வைத்திருந்த பணத்தை அதற்குத் திருப்பிவிட்டான். லாரி இன்னும் பிரைமர் நிறத்திலேயே என் ஷெட்டில் நிற்கிறது, ஃப்ளைவீல் வரக் காத்திருக்கிறோம்.