அன்னாசித் தோட்டத்துக்காக யாரும் அழவில்லையே, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கும் சிங்கப்பூரின் ஈசூன் வட்டார மக்களே, வணக்கம்.

"நம் வட்டாரக் கடைத்தொகுதி வளர்ந்ததா, தொலைந்ததா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய அண்ணன் 'தொலைந்தது' என்று பன்னிரண்டு நிமிடம் உருகிவிட்டார். 1992இல் திறந்த நம் பழைய நார்த்பாயிண்ட் கடைத்தொகுதியை அவர் வர்ணித்தபோது பின்வரிசையில் ஓர் அம்மா கைக்குட்டையை எடுத்ததை நானே பார்த்தேன். அன்று கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். இன்று கியூஆர் கட்டம்தான் நம்மை வரவேற்கிறதாம். நல்ல பேச்சு, நானும் கை தட்டினேன்.

சரி, அண்ணன் எங்கே நின்று பேசினார்? சமூக மன்றத்தில். அந்தச் சமூக மன்றம் எங்கே இருக்கிறது? தொலைந்துபோனதாக அவர் சொல்லும் அதே நார்த்பாயிண்டுக்குள்! மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறவரைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் கடைக்குள்ளேயே நின்று தேடுகிறவரை இன்றுதான் பார்க்கிறேன்.

எனக்கும் நினைவுகள் இல்லாமல் இல்லை, நடுவர் அவர்களே. எங்கள் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். பிரிட்டிஷ்காரர்கள் போகும்போது அது கப்பல் பட்டறை ஆனது, அப்பா அதில் சேர்ந்தார். ஈசூனில் வீவக எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடு கிடைத்து நாங்கள் குடிவந்தபோது எம்ஆர்டி ரயில்கூட வந்திருக்கவில்லை. 1988 டிசம்பரில்தான் வந்தது. பள்ளிக்கூடக் காலணி வாங்குவதற்கு லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் பேருந்து ஏற வேண்டும். போகும்போது நான் தூங்குவேன், வரும்போது தம்பி வாந்தி எடுப்பான்.

அப்புறம் 1992இல் இங்கே கடைத்தொகுதி திறந்தது. அதே ஆண்டு பக்கத்திலேயே பத்துத் திரைகளுடன் 'ஈசூன் 10' திரையரங்கும் வந்தது. ஆசியாவிலேயே அப்படிப்பட்ட முதல் திரையரங்கு நம் ஊரில்! எனக்குப் பத்து வயது. பிறந்தநாளுக்கு அப்பா எடுத்த முப்பத்தாறு படச் சுருளை இங்கே ஒரு கடையில் கழுவக் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் தருவதாகச் சொன்னார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் குடும்பத்துக்குக் குளுகுளு சுற்றுலா. ஒரு மாடி விடாமல் ஏறி இறங்கினோம். வாங்கியது ஒன்றுமில்லை. படங்கள் வந்தபோது பார்த்தால் ஏழில் எனக்குத் தலை இல்லை. அப்பா பட்டறையில் வெல்டிங் வேலையில் கெட்டிக்காரர், கேமராவில் இல்லை.

ஆக, அண்ணன் உருகுகிற அந்தக் கட்டடத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அன்றைக்கு எங்கள் அப்பாயி என்ன சொன்னார் தெரியுமா?

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் 'மாமா கடை' என்று நாம் சொல்லும் சின்ன மளிகைக் கடை ஒன்று இருந்தது. தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவர் நடத்தினார். '555' என்று அட்டையில் போட்ட சின்னக் குறிப்பேட்டில் அப்பாயி கணக்கு ஓடும். ஒரு ரொட்டி, இரண்டு முட்டை, அப்பா வராத நேரமாகப் பார்த்து ஒரு பொட்டலம் வெற்றிலை. சம்பளம் வந்ததும் கணக்குத் தீரும். கடைத்தொகுதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த அப்பாயி சொன்னது இது: "குளிரு நல்லாத்தான் இருக்கு. ஆனா கடனுக்குக் குடுக்க மாட்டானுவ."

கவனியுங்கள், நடுவர் அவர்களே. அண்ணன் எந்த ஆண்டைப் பொற்காலம் என்கிறாரோ, அந்த ஆண்டிலேயே எங்கள் வீட்டில் ஒருவர் "போச்சு, எல்லாம் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாயிக்கு மனிதர்கள் தொலைந்த இடம் நார்த்பாயிண்ட். அண்ணனுக்கு மனிதர்கள் இருந்த இடம் நார்த்பாயிண்ட். கட்டடம் ஒன்றுதான், பார்த்தவர்களின் வயதுதான் வேறு.

இன்னும் கொஞ்சம் பின்னே போவோமே. இந்த ஊரின் பெயர் லிம் நீ சூன் என்பவருடையது. ரப்பரும் அன்னாசியுமாகப் பெரும் செல்வம் சேர்த்து 1936இல் மறைந்தவர். 'நீ சூன்' மாண்டரின் உச்சரிப்பில் எழுதப்பட்டு 'ஈசூன்' ஆனது. அவர் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் தோட்டம். அப்புறம் கம்பங்கள் எனப்படும் கிராமங்கள், பன்றிப் பண்ணைகள், கோழிப் பண்ணைகள். அதையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் அடுக்குமாடி எழுந்தது. எதிரணியில் மூன்று பேர் பேசினார்கள். அன்னாசித் தோட்டத்துக்காக ஒருவராவது ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டார்களா? விட மாட்டார்கள். ஏனென்றால் அன்னாசி இருந்தபோது அவர்களுக்குப் பத்து வயது இல்லை!

(சிரிக்காதீர்கள் அண்ணா, என் நேரம் போகிறது.)

அண்ணன் இன்னொன்று சொன்னார். அந்தக் காலத்தில் மக்கள் மனிதர்களைப் பார்க்க வந்தார்கள், இந்தக் காலத்தில் பொருளுக்கு அலைகிறார்கள் என்று. அப்படியா? 2000 ஜனவரி யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? மெக்டோனல்ட்ஸ் கடைகளில் கல்யாண உடை போட்ட ஹலோ கிட்டி பொம்மை ஜோடி. தீவு முழுக்க விடிய விடிய வரிசை. பொம்மையை எடுத்துக்கொண்டு பர்கரைத் தொட்டியில் போட்டவர்கள் உண்டு. செய்தித்தாளில் வந்தது, எங்கள் கூட்டத்திலேயே நடந்தது. நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அக்காளிடம் பேசி நான் எந்த உறவையும் வளர்க்கவில்லை. அவர் ஜோடிக் கணக்காக வாங்கிக் கடைசிப் பொம்மையைத் தட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.

பழைய பெரிய கடைகள் போய்விட்டன என்று ஒரு பட்டியல் வாசித்தார்கள். உண்மைதான். 1974இல் பிளாசா சிங்கப்பூராவில் தொடங்கிய யாவோஹான் 1997இல் நொடித்துப் போனது. 1842இல் பிறந்த ஜான் லிட்டில் போய்விட்டது, 1858இல் பிறந்த ராபின்சன்ஸ் 2020இல் மூடுவதாக அறிவித்தது. பார்க்வே பரேடை விட்டு இசேத்தான் 2022இல் கிளம்பியது. ராபின்சன்ஸ் மூடுகிறது என்றதும் எவ்வளவு கூட்டம்! அத்தனை பேரும் அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஆளுக்கொரு தலையணை உறை வாங்கியிருந்தால் கடை இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். நாம்தான் படுக்கையில் படுத்தபடி கைபேசியில் வாங்கிக்கொண்டிருந்தோமே.

இப்போது எதிரணிக்கு ஒரு பரிசு தருகிறேன். அவர்கள் பேசாமல் விட்ட வலுவான வாதத்தை நானே எடுத்து வைக்கிறேன்.

எந்தக் கடைத்தொகுதிக்குப் போனாலும் அதே கடைகள்தான் இருக்கின்றன, ஏன்? ஆணிவேர் 'ரீட்'. சொத்து முதலீட்டு அறக்கட்டளை. பலரிடமும் பணம் திரட்டிக் கட்டடத்தை வாங்கி, வரும் வாடகையைப் பங்கு வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஏற்பாடு. வரிச்சலுகை வேண்டுமென்றால் வரிக்குரிய வருமானத்தில் 90 விழுக்காடாவது பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். நார்த்பாயிண்ட், உட்லண்ட்ஸ் காஸ்வே பாயிண்ட், ஆங்கர்பாயிண்ட் மூன்றும் 2006இல் இப்படி ஒரே கூடைக்குள் வந்து பங்குச் சந்தைக்குப் போயின. வாடகைதான் பங்குதாரர்களின் வருமானம் என்றால் அது ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறும் வாடகையைத் தாங்கக்கூடியவை ஐம்பது கிளை வைத்திருக்கும் கடைகள்தான். தனி ஆள் கடை தாங்காது.

எங்கள் மாமா ஒருவர் வேறொரு வட்டாரத்தில், பெயர் வேண்டாம், சின்னத் தையல் கடை வைத்திருந்தார். காற்சட்டை குறைப்பது, ஜிப் மாற்றுவது. மூன்றாண்டுக் குத்தகை முடிந்தது, புது வாடகையைச் சொன்னார்கள். மாமா காற்சட்டையைக் குறைக்கிறவர், வாடகையைக் குறைக்க அவரால் முடியவில்லை. காலி செய்த அன்று அத்தை கல்லாப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் வந்து இறங்கினார். அந்தப் பெட்டியில் இப்போது மருந்து மாத்திரை இருக்கிறது. இது இழப்புதான். இதை மறைத்து வெற்றி பெற எனக்கு விருப்பமில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி. இந்த அரங்கத்தில் ரீட் பங்கு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், எனக்கே தெரியும். அந்தப் பணம் வங்கிக் கணக்கில் வந்து விழும் நாளில் "ஐயோ, பழைய கடை போச்சே" என்று யாரும் அழுததாக எனக்குத் தகவல் இல்லை.

தலைப்பு கடைகளைப் பற்றியது மட்டும் இல்லை, நடுவர் அவர்களே. வட்டாரக் கடைத்தொகுதி என்ற இடத்தைப் பற்றியது. மக்கள் இருக்கும் இடத்துக்கே கடையும் வேலையும் வர வேண்டும் என்று 1991இன் நிலப்பயன்பாட்டுத் திட்டத்தில் எழுதினார்கள். தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங் கிழக்கு, சிலேத்தார் என்று வட்டார மையங்களைக் குறித்தார்கள். அந்தப் பட்டியலில் ஈசூன் இல்லை. இல்லாத ஊருக்கு என்னவெல்லாம் வந்தது என்று பாருங்கள். 1998இல் நார்த்பாயிண்டின் நான்காம் மாடியில் நூலகம் வந்தது. வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு மேசை இருந்த எனக்கு, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ நிலைத் தேர்வுக்குப் படிக்க அந்த மாடிதான் கிடைத்தது. எந்தக் கடைக்காரரும் என்னைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. தொந்தரவு செய்யாமல் இருந்தார்கள், அதுவே போதுமாக இருந்தது. 2017 கடைசியில் தெற்குப் பகுதி திறந்தது, பெயரும் நார்த்பாயிண்ட் சிட்டி ஆனது. பழைய பேருந்து நிலையத்தில் காத்திருந்தால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். 2015இலிருந்து நான்கு ஆண்டு தற்காலிக நிலையத்தில் அல்லாடினோம். 2019 செப்டம்பரில் குளிர்சாதன நிலையம் கடைத்தொகுதியோடு ஒட்டியே வந்துவிட்டது. சமூக மன்றமும் உள்ளே வந்தது. வெறும் கடை, நூலகத்தையும் பேருந்தையும் மன்றத்தையும் தன் வீட்டுக்குள் அழைத்து உட்கார வைத்திருக்கிறது. இதற்குப் பெயர் தொலைவதா?

எங்கள் அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. காலையில் பத்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார். கேட்டால் "நார்த்பாயிண்ட்" என்பார். 'சிட்டி' என்று ஒரு நாளும் சொன்னதில்லை, அது அவருக்கு அனாவசியச் செலவு. அங்கே அவரோடு மூன்று பேர். இருவர் சீனர், ஒருவர் மலாய்க்காரர், நால்வரும் பழைய கப்பல் பட்டறை. பேசுவது பட்டறை மலாய், அதில் பாதி கெட்ட வார்த்தை. வாங்குவது ஆளுக்கொரு காப்பி. 1992இல் படச் சுருளுக்காகக் காத்திருந்த அதே மனிதர், இன்று எதற்கும் காத்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

போன மாதம் அந்த மலாய்க்காரர் இரண்டு நாள் வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. மூன்று கிழவர்களும் கிளம்பிப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து, காலை ஊன்ற முடியாமல் கிடந்திருக்கிறார். ஆம்புலன்சை அழைத்தது எங்கள் அப்பா. பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை என்றாரே அண்ணன், வாருங்கள், நாளைக் காலை பத்து மணிக்குக் காட்டுகிறேன். கடைக்காரர்தான் கூப்பிட வேண்டும் என்று சட்டமா என்ன?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். முடித்துவிடுகிறேன். அண்ணன் கண்ணீரோடு பேசி முடித்து உட்கார்ந்தாரே, அப்போது மெதுவாக என் பக்கம் சாய்ந்து ஒரு விஷயம் சொன்னார். "சீக்கிரம் முடிம்மா. கடை மூடுற நேரத்துல கீழ ரொட்டியெல்லாம் பாதி விலை."

தீர்ப்பை நீட்டாமல் சொல்லிவிடுங்கள் நடுவர் அவர்களே. அவரோடு நானும் போக வேண்டும்.